செருப்பைக் கழற்றாத பேஸ் கிட்டார்காரர்

2004 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. இரண்டாம் சனி, எனக்கு அலுவலகம் இல்லை. ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் வரும் நாள் என்பதால் மோட்டாரைப் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன், குடங்களைப் பிடித்து வைத்தேன். பால் காய்ச்சினேன். முந்தைய நாளிலிருந்து மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மாலை விழாவுக்கான வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன். முடித்ததும், பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டேன். பிறகு இன்னொரு தடவை துடைத்தேன். குனிந்து காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

அந்த வருடம் கோடைக்கு முன்பு எனக்கு இந்தப் பழக்கம் கிடையாது. இது அவரிடமிருந்து வந்தது.

அவர் பேஸ் கிட்டார் வாசிப்பவர். நாலு தடித்த கம்பி, நீளமான கழுத்து, ஆள் உயரத்துக்கு முக்கால் வாசி இருக்கும் கிட்டார். திருநெல்வேலிக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. கச்சிபௌலியில் ஒரு கம்பெனியில் மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கிற வேலை. குடியிருந்தது நாச்சாரத்தில், ஒரு பட்டறைக்கு மேலே இருந்த போர்ஷனில். தெலுங்கும் உருதும் புழங்கும் இந்த நகரத்தில், லோத்குண்டாவைச் சுற்றியிருந்த தமிழ்க் குடும்பங்கள் நாங்கள் சேர்ந்து ஒரு மன்றம் நடத்தினோம். அதன் ஆண்டு விழா இசைக்குழுவுக்கு ஆள் தேடியபோது யாரோ அவரைச் சொன்னார்கள். "நல்லா வாசிப்பாரு. ஆனா கொஞ்சம் ஒரு மாதிரி" என்று சொன்னார்கள்.

அந்த ஒரு மாதிரி என்ன என்பது முதல் நாளே தெரிந்தது. ஒத்திகை எங்கள் வீட்டுக் கூடத்தில். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். என் மனைவிக்கு வணக்கம் சொன்னார். உட்காரவில்லை. "சார், சுவிட்ச் போர்டு எங்க இருக்கு?" என்றார். காட்டினேன். கிட்டார் பையிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்துப் பிரித்தார். உள்ளே நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. அதைத் தரையில் வைத்து, காலை நுழைத்துக்கொண்டு, பிறகுதான் ஒயரைக் கையால் தொட்டார்.

என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, வீட்டுக்குள்ள செருப்பா?"

"இது வெளியில போட்டது இல்லக்கா. புதுசு. வாசிக்கிறதுக்குன்னே வச்சிருக்கேன். வேணும்னா மோந்து பாருங்க."

"ஐயே, வேண்டாம்" என்று அவள் உள்ளே போனாள். உள்ளே போய்ச் சிரித்தாள். அன்று ஒத்திகை முடிந்ததும் கேட்டாள்: "நீங்க வாசிச்சது எனக்குக் கேக்கவே இல்லையே?"

"கேக்க வேண்டாம்க்கா. வயித்துல தெரியும்."

அது உண்மைதான். என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. இங்கே பிறந்து இங்கே படித்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்வாள். ஆனால் தமிழ்ப் பாட்டு நன்றாகப் பாடுவாள். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மட்டும் பயந்து குரலைச் சுருக்கிக்கொள்வாள். அவர் அதைக் கவனித்துவிட்டு, அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரே ஸ்வரத்தை ஆழமாக, அசையாமல் பிடித்து நிறுத்தினார். "நான் கீழ நிக்கேன் பாப்பா. நீ தைரியமா மேல போ" என்றார். அவள் போனாள். தைரியம் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மற்ற நேரமெல்லாம் பயம். பேச்சில் பாதி வாக்கியம் "பயமா இருக்கு சார், பாத்துக்கிடுங்க" என்று முடியும். ஈரத் தரை என்றால் பயம். மேடைக்குப் பின்னால் ஒயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் பயம். மூன்று பின் பிளக்கில் எர்த்துக்கான மேல் பின்னை உடைத்துவிட்டு இரண்டு ஓட்டையில் செருகியிருந்தால் கிட்டாரைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே மாட்டார். பந்தல்காரர்கள் அநேகமாக அந்தப் பின்னை உடைத்துத்தான் வைத்திருப்பார்கள். ஸ்பீக்கரில் வரும் 'உம்' என்ற இரைச்சல் அப்போதுதான் போகும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

அவர் எத்தனை விதமான சங்கீதம் வாசித்திருக்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். விரல் விட்டு எண்ணிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒவ்வொன்றையும் காலில் என்ன போட்டிருந்தார் என்பதை வைத்தே சொன்னார்.

"ஆரம்பம் பாளையங்கோட்டையில, சர்ச்சு கொயர். அங்க எல்லாரும் ஷூ போட்டுத்தான் நிப்பாங்க. நிம்மதி. இங்க வந்ததும் ஹோட்டல் லாபியில ஜாஸ் வாசிச்சேன் சார். பியானோ, டிரம்ஸ், நான். அங்க பாலிஷ் போட்ட தோல் ஷூதான் போடணும். தோல் ஈரமாச்சுன்னா ஆபத்து. காலுக்குக் கீழ ரப்பர் மேட் ஒண்ணு கொண்டுபோய் விரிச்சேன். கார்ல மிதிக்கிற மேட்டு. மேனேஜர் வந்து, இது என்ன பெட்ரோல் பங்க்கான்னு கேட்டாரு."

"விட்டுட்டீங்களா?"

"மேட்டை எடுக்கச் சொன்னாரு. நான் மேட்டோட சேத்து என்னையும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

அதன் பிறகு நகரத்தின் பழைய பகுதியில் ஒரு கஜல் குழு. வெள்ளை மெத்தை விரித்து, எல்லோரும் வெறுங்காலோடு சம்மணம் போட்டு உட்கார வேண்டும். பாடுகிற பெரியவருக்கு இவருடைய வாசிப்பு அவ்வளவு பிடித்திருந்ததாம். ஒரே ஒரு கச்சேரி. இவர் மெத்தையில் செருப்புக் காலோடு உட்கார முடியாது, வெறுங்காலோடு வாசிக்கவும் முடியாது. கம்பியைத் தொடாமல் ஒரு பாட்டு முழுக்க விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. "கைக்கு டர்தே மியா?" என்று மட்டும் கேட்டாராம், எதற்குப் பயப்படுகிறாய் என்று.

கச்சிபௌலியில் கம்பெனிப் பையன்கள் சேர்ந்து நடத்திய ராக் குழுவில்தான் அதிக நாள் இருந்தார். தடித்த அடிப்பாகம் வைத்த ஷூவோடு வாசிக்கலாம். ஆனால் அந்தப் பையன்கள் திறந்த வெளி நிகழ்ச்சிகளுக்கு ஒத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒரு தடவை மேடைக்குப் பக்கத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் ஒயர் கிடந்தது. இவர் ஏற மாட்டேன் என்றார். மற்றவர்கள் இவர் இல்லாமலே கடைசி வரை வாசித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இறங்கி வந்து இவருடைய தோளில் தட்டி, "பாஸ், உயிரோடதான் இருக்கோம்" என்று சிரித்தார்கள். அடுத்த வாரம் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள்.

"அவங்க சொன்னது சரிதான் சார். ஒண்ணும் ஆகல" என்றார் என்னிடம். "பத்துல ஒம்பது தடவை ஒண்ணும் ஆகாது. எனக்கு அந்த ஒம்பது ஞாபகத்துல நிக்க மாட்டேங்கு."

அந்தப் பத்தாவது என்ன என்பதை ஜூன் மாதம் ஒரு பகலில், இரானி ஹோட்டலில் சாயா குடிக்கும்போது சொன்னார். நான் கேட்கவில்லை. என் மகள் விழாவில் எந்த இடத்தில் நின்று பாடுவாள் என்று அவர்தான் பேச்சை ஆரம்பித்தார். முன்வரிசையில், விளக்குக்குப் பக்கத்தில் என்றேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

"காலேஜ் கல்ச்சுரல்ஸ் சார். மழை பெஞ்சு விட்டிருந்துச்சு. நான்தான் பாட்டும் பேஸும். ஸ்டைலா இருக்கும்னு ஷூவைக் கழத்திப் போட்டுட்டு ஏறினேன். மைக்குல உதடு பட்டுச்சு. அவ்வளவுதான். கை கம்பியை விட மாட்டேங்கு. பல்லு கிட்டிப்போச்சு. உடம்பு மொத்தமும் வெட்டி வெட்டி இழுக்கு. கத்தணும்னு நினைக்கேன், சத்தம் வரல. கீழ பாத்தா..." நிறுத்தி, ஒரு வாய் சாயா குடித்தார். "கீழ பாத்தா எல்லாரும் கைதட்டுதாங்க சார். விசிலடிக்காங்க. நான் ஆடுதேன்னு நினைச்சிட்டாங்க."

"யார் காப்பாத்தினது?"

"யாரும் இல்ல. கரன்ட் போச்சு. அந்த ஊர்ல தினமும் அந்த நேரத்துக்குப் போகும். நான் கீழ விழுந்து கிடக்கேன், இருட்டுல எல்லாரும் 'ஓ'ன்னு கத்துதாங்க. பாட்டு நின்னுபோச்சேன்னு கோவம்."

அன்று வீட்டுக்கு வந்ததும் குளியலறை கீசரின் பிளக்கைப் போய்ப் பார்த்தேன். மகள் குளித்துவிட்டு ஈரக் கையோடு ஹேர் டிரையரை எடுக்கும்போது என்னை அறியாமல் அதட்டினேன். குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியில் துணி சுற்றினேன். "அந்த மனுஷன் பேச்சைக் கேட்டு உங்களுக்கும் தொத்திக்கிச்சு" என்றாள் மனைவி. தொற்றிக்கொண்டதுதான். அதற்குப் பிறகு என் மகள் மைக்கைப் பிடித்துப் பாடுவதாக நினைத்தாலே, கீழே கைதட்டுகிறவர்களின் நடுவில் நானும் உட்கார்ந்து கைதட்டுவது போல ஒரு காட்சி வரும்.

எங்கள் மன்றத்திலும் அவருக்குச் சிக்கல் இருந்தது. விழா மேடையில் குத்துவிளக்கு ஏற்றி, சரஸ்வதி படத்துக்கு மாலை போட்டிருப்போம். செருப்போடு யாரும் ஏறுவதில்லை. தலைவர் இந்த ஊரில் நாற்பது வருடமாக இருப்பவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் பேசும்போது நடுவில் ஆமாமுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ என்று கலந்துதான் பேசுவார். ஆனால் மேடை விஷயத்தில் கண்டிப்பு. மேடைப் பொறுப்பு என்னுடையது. நான் இரண்டு பக்கமும் பேசி ஒரு வழி பண்ணினேன். கீபோர்டு மேசையை முன்னால் போட்டு, மேசைக்குத் தரை வரை துணி தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் அவரை நிறுத்துவது. கால் வெளியே தெரியாது. தலைவரும் தெரியாதது போல இருந்துகொள்வார். கிட்டார்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுவும் போச்சுன்னா எனக்கு வாசிக்க வேற இடம் இல்ல சார்" என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. மற்ற எல்லாக் குழுக்களும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தன.

விழா நடந்தது ஒரு ஃபங்ஷன் ஹாலின் புல்வெளியில். அந்தச் சனிக்கிழமை மாலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே மேடையில் இருந்தார். ஷாமியானா மேலே தண்ணீர் தேங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. மேடைப் பலகை மேல் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தைச் செருப்பு நுனியால் அழுத்திக் காட்டினார். அழுத்திய இடத்தில் தண்ணீர் மேலே வந்து நின்றது.

"சார், பாப்பாவைச் செருப்பு போட்டுக்கிடச் சொல்லுங்க."

மைக் செட்டுக்காரர் பக்கத்தில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். "குச் நை ஹோதா சாப்" என்றார், ஒன்றும் ஆகாது என்று. அவருடைய காலிலும் ரப்பர் செருப்புதான் இருந்தது.

தலைவரிடம் போய் மெதுவாகக் கேட்டேன்.

"ஹவ் ஹவ், உன் பொண்ணுக்கு மட்டும் தனிச் சட்டமா? விளக்கு எரியுது, சாமி படம் இருக்கு. பத்துக் குழந்தைங்க வெறுங்காலோடதானே ஏறுது? நக்கோப்பா, இந்தப் பேச்சே நக்கோ."

மகளிடம் கேட்டேன். பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "டாடி, ப்ளீஸ். எவரிபடி வில் லாஃப். நாக்கு பயம் லேது." தனக்குப் பயமில்லையாம்.

எனக்கு இருந்தது. ஆனால் தலைவரை எதிர்த்துப் பேசுகிற அளவுக்கு இல்லை. மேடைக்குத் திரும்பி வந்து, முடியாது என்று கிட்டார்காரரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

குழந்தைகள் ஆடினார்கள், ஒரு நாடகம் நடந்தது, இரண்டு பேர் பாடினார்கள். எல்லாம் நன்றாகவே போயிற்று. என் மகளின் பாட்டுக்குச் சற்று முன்னால் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஷாமியானா ஓரத்திலிருந்து மேடையின் முன்பக்கத்துக்குத் தண்ணீர் ஒழுகியது. நிகழ்ச்சி தொகுத்த பெண்மணி மகளின் பெயரைச் சொல்லிவிட்டு மைக்கைத் தாங்கியில் மாட்டியவர், கையை வெடுக்கென்று உதறினார். "அம்மா! என்னமோ சுருக்குன்னுச்சு" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார். கூட்டமும் சிரித்தது.

நான் முதல் வரிசையில் எழுந்து நின்றுவிட்டேன்.

மகள் பக்கவாட்டிலிருந்து வெறுங்காலோடு மேடைக்கு வந்தாள். மைக்குக்கும் அவளுக்கும் நடுவில் நாலைந்து அடி இருக்கும். மேசைத் துணி விலகியது. அவர் வெளியே வந்தார். கழுத்தில் கிட்டார், பின்னால் ஒயர் இழுபட்டது. எல்லோர் முன்னாலும், விளக்குக்கு நேர் எதிரே, செருப்புக் காலோடு வந்து நின்றார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அவர் ஒரு காலை உருவினார். அப்புறம் இன்னொரு காலை உருவினார். செருப்பு இரண்டையும் கால் விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

"போட்டுக்கோ பாப்பா. போட்டுட்டு மைக்கைத் தொடு. தாங்கியைத் தொடாத."

அவள் என்னைப் பார்த்தாள். தலைவரும் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்துப் போட்டுக்கொள் என்று தலையசைத்தேன்.

பட்டுப் பாவாடைக்குக் கீழே அவள் காலை விட இரண்டு மடங்கு பெரிய நீலச் செருப்பு. பின்வரிசையில் யாரோ "கால் சூப்பர்!" என்று கத்தினார்கள். சிரிப்பு பரவியது. அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அந்தப் பாட்டு பேஸ் கிட்டாரில்தான் ஆரம்பிக்க வேண்டும். அவர் திரும்பிப் போய் ஒயரைக் கழற்றியிருக்கலாம், கீபோர்டில் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆரம்பம் தவறினால் அவள் அழுதுவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே கம்பியில் கை வைத்தார்.

நான் என் மகளைப் பார்க்கவில்லை. அவருடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுத்துப்போன, வெயில் படாத கால்கள். பாதத்தைத் தரையில் முழுதாக வைக்காமல் வெளி ஓரத்தில் நின்றார். விரல்கள் உள்ளே மடங்கி, கம்பளத்தில் ஊறிய தண்ணீரை விட்டு எழும்பப் பார்த்தன. கெண்டைக்கால் துடித்தது. அதற்கு மேலே கை மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது. ஒரு ஸ்வரம் பிசகவில்லை. மேல் ஸ்தாயி வந்தபோது அந்த ஒற்றை ஆழமான ஸ்வரம் வந்தது, எனக்கு வயிற்றில் தெரிந்தது. அவள் அதன் மேல் ஏறிப் பாடினாள். அவ்வளவு நன்றாக அவள் பாடியதில்லை என்று பிறகு மனைவி சொன்னாள். எனக்குப் பாட்டு ஞாபகமில்லை.

பாட்டு முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செருப்பு இல்லாமல் அவள் அந்த மைக்கைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் எழுந்த அந்த நொடியில் அவருடைய உடம்பு ஒரு முறை குலுங்கியது. கம்பியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, விரல்களை விரித்து, முகத்துக்கு முன்னால் வைத்துப் பார்த்தார். பிறகு ஒயரைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கப் படி வழியாக இறங்கினார்.

நான் சுற்றிக்கொண்டு ஓடியபோது, கிட்டார் பையை முதுகில் மாட்டி மேலே பாலிதீனைப் போர்த்திக்கொண்டு பைக்கை எடுத்துவிட்டார். வெறுங்கால். மழையில் கியரை மிதித்துக்கொண்டு போனார்.

தலைவர் என் பின்னாலேயே வந்தார். கத்தவில்லை. "விளக்கு முன்னாடி செருப்பைக் கழத்திப் போடுறான். உன் பொண்ணு அதைப் போட்டுக்கிட்டுப் பாடுது. நாளைக்கு நான் யாருக்கெல்லாம் பதில் சொல்லணும்னு உனக்குத் தெரியுமா? நீ கொண்டுவந்த ஆளு, நீயே போய்ச் சொல்லிடு. இனிமே அவன் வர வேண்டாம்."

"அவர் அவளுக்காகத்தான் சார்..."

"ஹவ், தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். போய்ச் சொல்லிடு."

வீட்டுக்கு வந்ததும் மகள் அந்தச் செருப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கூடத்து மேசை மேல் வைத்தாள். அவள் கோபமாக இருக்கிறாளா என்று தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சுதந்திர தினம். காலையில் முதல் வேலையாக அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் நாச்சாரம் கிளம்பினேன். கதவைத் திறக்கும்போது உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது. "டாடி, அங்கிள்கி ஏமி செப்பொத்து." அவரிடம் ஒன்றும் சொல்லாதே என்கிறாள். கதவைச் சாத்தினேன்.

பட்டறை மூடியிருந்தது. மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினேன். அவர் திறந்தார். எழுந்து நேரமாகியிருந்தது போலிருந்தது; தலை வாரியிருந்தார். பின்னால் சுவரில் கிட்டார் சாய்ந்திருந்தது. பொட்டலத்தை நீட்டினேன்.

"பாப்பா நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கா" என்றேன். "கமிட்டியில ஒரு விஷயம்..."

அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். செய்தித்தாளைப் பிரித்து, செருப்பு இரண்டையும் சிமெண்ட் தரையில் நேராக வைத்தார். வலது காலை நுழைத்தார். இடது காலை நுழைத்தார். கதவு நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"இப்பச் சொல்லுங்க சார்" என்றார்.